எங்கள் உடம்பில் படித்தவர்கள் எங்கே போனார்கள்?

சுத்துக்கேணியில் எங்கள் காலனித் தெருமுனைக்கு வாரத்தில் சில நாள் காலை எட்டு மணிக்கு ஒரு பேருந்து வரும். டிக்கெட் கிடையாது. மருத்துவக் கல்லூரிப் பேருந்து. ஏறிக்கொண்டால் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும். பரிசோதனை இலவசம், மத்தியானச் சோறு இலவசம், சாயங்காலம் மறுபடி தெருமுனை. படுக்கையில் சேர்ந்துகொள்கிறேன் என்றால் அவர்களுக்கு இன்னும் சந்தோஷம். கல்லூரிக்கு ஆய்வு வருகிறது என்றால் டிரைவர் முகத்திலேயே தெரிந்துவிடும். அன்றைக்கு வீடு வீடாக வந்து கூப்பிடுவார்.

என் பெரியம்மா பல வருடம் அந்தப் பேருந்தில் போனார். சர்க்கரை. முதலில் கால் மரத்தது. அப்புறம் கரும்புத் தோட்டத்தில் களையெடுக்கும்போது சோகை கிழித்த புண் ஒன்று ஆறவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு புது டாக்டர். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கேள்வி: எத்தனை வருடமாகச் சர்க்கரை, அம்மா அப்பாவுக்கு இருந்ததா, என்ன மாத்திரை? சுற்றிலும் ஏழெட்டு மாணவர்கள் நோட்டுடன் நிற்பார்கள். முதலில் ஒரு விரல் போனது, ஆறு மாதம் கழித்து இன்னும் இரண்டு. இப்போது வலது காலில் இரண்டு விரல்தான் மிச்சம். அதைச் சொல்லியே அவர் சிரிப்பார். "என் காலுல பத்து புள்ளைங்க பரீட்ச எழுதிச்சிங்கடா. எல்லாம் பாஸு. என் காலுதான் ஃபெயிலு."

அந்த டாக்டர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களில் ஒரு பெண், வடக்கேயிருந்து வந்து எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தவர், தமிழ் அரைகுறை. பெரியம்மாவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக் கட்டுப் போட்டாராம். ஊர்த்தெருவில் தண்ணீரைத் தூக்கி ஊற்றிக் குடித்துப் பழகிய பெரியம்மா அதை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் வேறு வார்டுக்குப் போய்விட்டார். படிப்பு முடிந்ததும் ஊருக்கே போய்விட்டார். அவர் போனதில் தப்பொன்றும் இல்லை. அவரை இங்கே இருக்கவைக்க ஒரு வேலையும், ஒரு நாற்காலியும், ஒரு வீடும் யாரும் போட்டு வைத்திருக்கவில்லை.

நான் மருத்துவன் அல்ல, சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவன். ஆனாலும் மருத்துவ முதுநிலைப் படிப்புக்கு அரசு ஒதுக்கும் பணத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் படிப்பின் பாடப்புத்தகம் எங்கள் குடும்பம்.

எம்.பி.பி.எஸ். முடித்தவர் மூன்று வருடம் ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே எம்.டி., எம்.எஸ்., டி.என்.பி. படிப்பதைத்தான் ரெசிடென்சி என்கிறார்கள். இந்த இடங்களைக் கூட்டினால் கிராமத்துக்கு டாக்டர் கிடைத்துவிடுவார் என்பது எல்லா அரசுகளும் சொல்லும் கணக்கு. 2025 செப்டம்பர் 24 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அரசு மருத்துவக் கல்லூரிகளையும், அரசு மருத்துவமனைகளையும் மேம்படுத்தி நாடு முழுக்க 5,000 முதுநிலை இடங்களையும், 5,023 எம்.பி.பி.எஸ். இடங்களையும் கூட்டுவது. ஒரு இடத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை செலவு. 2028-29 வரைக்கும் மொத்தம் 15,034.50 கோடி.

நல்ல பணம். வரவேற்கிறேன். ஆனால் இடம் கூடினால் டாக்டர் கிடைப்பார் என்ற கணக்கை எங்கள் ஊர்ப்பக்கம் வந்து யாராவது சரிபார்த்திருக்கிறார்களா?

புதுச்சேரி வட்டாரத்தின் பரப்பளவு 300 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. காரைக்கால், மாஹே, ஏனாமைச் சேர்க்காமல் சொல்கிறேன். அதற்குள் எட்டு மருத்துவக் கல்லூரிகள். கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் அரசின் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி, மீதி ஆறு தனியார். அந்த ஆறில் ஒன்று காலாப்பட்டுப் பக்கம் இருக்கிறது. மற்ற ஐந்தும் கிராமக் கொம்யூன்களில்: பாகூர் கொம்யூனில் பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம், வில்லியனூர் கொம்யூனில் அரியூர், ஊசுட்டேரிப் பக்கம், மண்ணாடிப்பட்டு கொம்யூனில் கலித்தீர்த்தாள்குப்பம். இந்தியாவில் இவ்வளவு சின்ன நிலத்தில், இவ்வளவு வயல்களுக்கு நடுவே, இத்தனை ரெசிடென்ட் டாக்டர்கள் இருக்கும் இன்னொரு இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2010இல் கிராமங்களில் மருத்துவர்களைத் தக்கவைப்பது பற்றி வழிகாட்டுதல்கள் வெளியிட்டது, 2021இல் புதுப்பித்தது. மருத்துவக் கல்லூரிகளைப் பெருநகரங்களுக்கு வெளியே கட்டுங்கள் என்பது அதில் ஒன்று. கிராமத்துப் பின்னணி உள்ளவர்களைச் சேருங்கள், படிக்கும்போதே கிராமத்தில் பணிப் பயிற்சி கொடுங்கள் என்பவையும் அதிலேயே இருக்கின்றன. எங்களிடம் முதலாவது மட்டும் நடந்தது. கட்டடம் கிராமத்துக்கு வந்தது, ஏனென்றால் நிலம் இங்கே மலிவு, நோயாளி அதைவிட மலிவு. படிக்க வந்தவர்கள் வேறெங்கிருந்தோ வந்தார்கள், வேறெங்கோ போனார்கள்.

எங்கள் ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு போவது ஒன்றும் புதிதல்ல. சுத்துக்கேணி என்ற பெயர் பாரிசில் தெரியும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கே பெருங்கற்காலப் புதைகுழிகளைத் தோண்டினார்கள். தங்க நகைகள்கூடக் கிடைத்தன. கசால் தம்பதியர் வீராம்பட்டினத்தையும், முத்திரப்பாளையத்தையும், சுத்துக்கேணியையும் சேர்த்து எழுதிய நூல் 1956இல் வந்தது. அன்றைக்குச் செத்தவர்களைத் தோண்டிப் படித்தார்கள். இன்றைக்கு உயிரோடிருப்பவர்களைப் பேருந்தில் ஏற்றிப் போகிறார்கள்.

தனியார் கல்லூரிகளின் முதுநிலை இடங்களுக்கு, அதுவும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில், ஆண்டுக்குப் பல இலட்சம் கட்டணம். மூன்று வருடத்தில் ஒரு வீட்டின் விலையைக் கட்டி எம்.டி. வாங்கியவரிடம் போய், ஆரம்ப சுகாதார நிலையச் சம்பளத்துக்கு வாருங்கள் என்று யார் கேட்பது? தனியார் கல்லூரிகளிலும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் பாதி இடங்களுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணம்தான் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 பிப்ரவரி 3 அன்று சொன்னது. சொன்னதோடு நிற்கிறது.

இந்த இடத்தில் 'தகுதி' பற்றி ஒரு வார்த்தை. இட ஒதுக்கீட்டில் வந்த டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்வாயா என்று கேட்கும் நண்பர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். 2023 செப்டம்பரில் முதுநிலை நீட் தகுதி மதிப்பெண்ணைப் 'பூஜ்ஜியம் பெர்சன்டைல்' ஆக்கினார்கள். தேர்வு எழுதியிருந்தால் போதும், கலந்தாய்வுக்கு வரலாம். காலியாகக் கிடந்த இடங்களை நிரப்ப வேண்டுமே! அன்றைக்குத் தகுதிக்காக யாரும் மெழுகுவத்தி ஏற்றவில்லை. கட்டணம் கட்ட முடிகிறவருக்குப் பூஜ்ஜியமும் தகுதிதான். முன்னுரிமை கேட்டால்தான் தகுதி கெட்டுப்போகிறது.

சரி, படிக்கும்போதாவது கிராமத்துக்கு அனுப்பலாம் அல்லவா? அதற்கும் திட்டம் இருக்கிறது. 2021இல் சேர்ந்தவர்கள் முதற்கொண்டு முதுநிலை மாணவர்கள் எல்லோரும் மூன்று மாதம் 'மாவட்ட ரெசிடென்சி' செய்ய வேண்டும். நல்ல யோசனை. ஆனால் மாவட்ட மருத்துவமனை என்பதற்கு விதி என்ன சொல்கிறது? முதலில் 100 படுக்கை, 2023 விதிகளில் 50 படுக்கை. சமுதாய நலவழி மையம் என்று நாங்கள் சொல்லும் இடத்துக்கு இந்தியப் பொதுச் சுகாதாரத் தரவிதிப்படி 30 படுக்கை. ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2025இல் பேராசிரியர் தகுதி விதிகளைத் தளர்த்தி, கல்லூரியல்லாத அரசு மருத்துவமனைகளும் முதுநிலை நடத்தலாம் என்றார்கள். அதற்கு 220 படுக்கை வேண்டும். எல்லாவற்றையும் படுக்கையால் அளக்கிறார்கள். பெரியம்மாவுக்குப் படுக்கை கிடைக்காமல் இருந்ததே இல்லை. மாதம் ஒருமுறை காலைப் பார்த்து, போன மாதம் எப்படி இருந்தது என்று நினைவில் வைத்திருக்கும் ஒரே ஒரு டாக்டர்தான் கிடைக்கவில்லை. அந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஐம்பது படுக்கை தேவையில்லை, ஒரு மேசையும், பல வருட நோட்டுகளும், தெருவில் நடக்கிற காலும் போதும்.

இதுவும் கற்பனை அல்ல. ஜிப்மர் பல பத்தாண்டுகளாக, எங்களிடமிருந்து அதிகத் தூரமில்லாத இராமநாதபுரத்தில் ஒரு கிராம சுகாதார மையத்தை நடத்துகிறது. சமூக மருத்துவம் படிப்பவர்கள் அங்கே வீடுவீடாகப் போகிறார்கள். அமெரிக்காவில் ரெசிடென்ட்களின் சம்பளத்தை அரசு காப்பீட்டுப் பணம் பெரிய மருத்துவமனைகளுக்குத்தான் காலங்காலமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. 2010 சுகாதாரச் சட்டத்தில்தான், ஏழைப் பகுதிகளின் சமூக மருத்துவ நிலையங்களுக்கே நேரடியாகப் பணம் கொடுத்து அங்கேயே குடும்ப மருத்துவர்களைப் பயிற்றுவிக்க ஒரு தனித் திட்டம் வைத்தார்கள். பணம் எந்தக் கட்டடத்துக்குப் போகிறதோ அந்தக் கட்டடத்தில்தான் டாக்டர் உருவாகிறார். இங்கேயும் 2020 முதல் தேசியத் தேர்வு வாரியம், எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு மகப்பேறு, குழந்தை மருத்துவம், மயக்கவியல், குடும்ப மருத்துவம் உட்பட எட்டுத் துறைகளில் இரண்டாண்டுப் பட்டயம் நடத்துகிறது. அதைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, கீழே சொல்கிறேன்.

சமுதாய நலவழி மையங்களில் எவ்வளவு பள்ளம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? ஒன்றிய அரசின் 2021-22 கிராமப்புறச் சுகாதாரப் புள்ளிவிவரத்தின்படி, நாடு முழுக்கக் கிராமப்புற மையங்களில் தேவைப்படும் அறுவைச் சிகிச்சை நிபுணர்களில் 83.2 விழுக்காடு பேர் இல்லை. மகப்பேறு நிபுணர்களில் 74.2. குழந்தை நல மருத்துவர்களில் 81.6.

இனி, அந்த டாக்டர் யார் என்ற கேள்விக்கு வருவோம்.

தமிழ்நாடு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. அரசுக் கல்லூரி முதுநிலை இடங்களில் பாதி, அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர் படித்துவிட்டு நிபுணராக அரசு ஆஸ்பத்திரிக்கே திரும்புவார். இட ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து, கையில் காசில்லாமல், முதலில் கிடைத்த அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கு இது பெரிய வாசல். 2017இல் மருத்துவக் கவுன்சில் விதியைக் காட்டி எம்.டி., எம்.எஸ். இடங்களில் அந்த வாசலை மூடினார்கள். மருத்துவர்கள் தெருவில் இறங்கினார்கள், நீதிமன்றம் போனார்கள். 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, பணியில் உள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது.

இன்னொரு வாசல் 2025 ஜனவரி 29 அன்று மூடியது. அதுவும் ஒரு யூனியன் பிரதேச வழக்குதான், சண்டிகர் அரசு மருத்துவக் கல்லூரி பற்றியது. முதுநிலை மருத்துவத்தில் 'உள்ளூர்க்காரர்' என்ற இருப்பிட ஒதுக்கீடு சமத்துவத்துக்கு எதிரானது என்றது உச்ச நீதிமன்றம். மருத்துவ இடமும் சமத்துவமும் மோதும் கதை நமக்குப் பழையது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை விழுந்தது. அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது அப்புறம் தெரிந்தது. அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அதிலிருந்துதான் பிறந்தது. (எங்கள் ஊர் அப்போது பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. அதனால் எங்களுக்கு அட்டவணைச் சாதிப் பட்டியலே 1964இல்தான் வந்தது. பழங்குடிப் பட்டியல் இன்றுவரை இல்லை. எங்கள் பக்கத்து இருளர் பிள்ளைகளுக்கு இந்தியாவிலேயே எஸ்.டி. இடம் எல்லாம் அடுத்த வீட்டுச் சோறு.)

ஆக, சட்டப்படி இப்போது புதுச்சேரிக்குத் திறந்திருக்கும் நேரான வழி, அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கான ஒதுக்கீடு. அதற்குள் சாதிவாரி ஒதுக்கீடு.

இதைத்தான் எங்கள் தெருப் பெண் ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2023இல் புதுச்சேரியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ். இடங்களில் 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது முதல் வருடமே சேர்ந்தவள். எங்கள் காலனியின் முதல் டாக்டர் ஆகப்போகிறவள். "முடிச்சிட்டு குடும்ப மருத்துவம் எடுத்துப் படி, நம்ம பக்கமே வந்துடு, பெரியம்மா மாதிரி எவ்ளோ பேரு இருக்காங்க" என்றேன். நான் ஏதோ பெரிய புரட்சி பேசிவிட்டதாக நினைப்பு.

அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. "அண்ணா, எங்க பேட்ச்ல டாக்டர் வூட்டுப் பசங்க எத்தன பேரு இருக்காங்க தெரியுமா? எல்லாரும் ரேடியாலஜி, டெர்மட்டாலஜின்னு பேசறாங்க. அவங்கள யாரும் கிராமத்துக்குப் போன்னு சொல்றதில்ல. நான் மட்டும் ஏன் திரும்ப காலனிக்கே வரணும்? கஷ்டப்பட்டு வெளிய வந்ததே அதுக்குத்தானா?"

பதில் சொல்ல முடியவில்லை. என் யோசனையில் ஒரு பழைய வாசனை அடிப்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். சேரிக்குச் சேரி டாக்டர். ஊருக்கு ஊர் டாக்டர். கிராமப்புற ரெசிடென்சி என்று தனியாக ஒன்றை உருவாக்கி, அதற்குக் குறைந்த மதிப்பில் இரண்டாண்டுப் பட்டயம் கொடுத்து, ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகளை அதில் தள்ளிவிட்டு, மூன்றாண்டு எம்.டி.யை மற்றவர்கள் வைத்துக்கொண்டால் அது சுகாதாரத் திட்டம் இல்லை, வருணத் திட்டம். பட்டயம் பற்றி எனக்கிருக்கும் சந்தேகம் இதுதான்.

பயம் வெறும் பயமும் அல்ல. 2007இலேயே தோரட் குழு, தில்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் எப்படி ஒதுக்கப்படுகிறார்கள் என்று அறிக்கை கொடுத்தது. 2019 மே மாதம் மும்பையில் மகப்பேறு ரெசிடென்ட் பாயல் தட்வி தற்கொலைக்குத் தள்ளப்பட்டார்; சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாக மூன்று சீனியர்கள்மீது வழக்கு. பெரிய மருத்துவமனையில், நூறு பேர் நடுவிலேயே இது நடக்கிறது. ஒரே ஒரு வழிகாட்டி மட்டும் இருக்கும் சின்ன மையத்துக்கு ஒரு தலித் பெண்ணைத் தனியாக அனுப்பினால், அவள் புகாரை அந்த வழிகாட்டிக்கு வெளியே கேட்க ஆள் இருக்க வேண்டும். வாடகைக்கு வீடு கேட்டு ஊர்த்தெருவில் அவள் அலையக் கூடாது. குடியிருப்பு கட்டாமல் திட்டம் தொடங்கவே கூடாது.

அவளிடம் பேசியபிறகு என் கோரிக்கையை மாற்றிக்கொண்டேன். கிராமத்துக்குப் போவது சிலர் தலையில் மட்டும் எழுதப்படக் கூடாது. புதுச்சேரியில் எம்.டி., எம்.எஸ். படிக்கும் எவராக இருந்தாலும், கோடி கட்டியவராகவே இருந்தாலும், மூன்று மாதம் கரிக்கலாம்பாக்கம், மண்ணாடிப்பட்டு போன்ற சமுதாய நலவழி மையங்களில் வேலை பார்க்கட்டும்; அதற்கு இடைஞ்சலாக இருக்கும் 50 படுக்கைக் கணக்கை மாற்றச் சொல்லி நலவழித்துறை ஆணையத்துக்கு எழுதட்டும். அந்த 1.5 கோடியில் வரும் இடங்களில் குடும்ப மருத்துவத்துக்கும், மகப்பேறுக்கும் ஒரு பங்கைக் கேட்டு வாங்கி, பட்டயமாக இல்லாமல் முழு எம்.டி., எம்.எஸ். இடங்களாகவே நடத்தட்டும். பயிற்சியில் பாதிக் காலம் மையத்தில், பாதிக் காலம் கதிர்காமத்தில். கட்டணம் கிடையாது, உதவித்தொகை குறையாது. அரசுப் பணி மருத்துவருக்கு ஒதுக்கி, முடித்தபிறகு அதே மையத்தில் நிரந்தர நிபுணர் பதவி. ஐந்து வருடம் இருந்தால் உயர் சிறப்புப் படிப்புக்கு முன்னுரிமை. தமிழ்நாடு 2020இல் உயர் சிறப்பு இடங்களிலும் பாதியைப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கி ஆணையிட்டது. நாம் கேட்டால் ஆகாதா?

பத்திரம் எழுதி வாங்கினால் போதாதா என்பார்கள். பத்திரத்துக்குப் பணம் கட்டிவிட்டுப் போக முடிகிறவர் போய்விடுவார், முடியாதவர் இருப்பார். யார் முடிகிறவர், யார் முடியாதவர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவசரம் எதனால் என்றால், 2023இல் சேர்ந்த அந்த முதல் அரசுப் பள்ளி அணி ஹவுஸ் சர்ஜன் முடித்து வெளியே வர 2029 ஆகிவிடும். ஒன்றிய அரசின் பணம் 2028-29உடன் முடிகிறது. எங்கள் பிள்ளைகள் வாசலுக்கு வரும் வருடத்தில் பந்தி முடிந்திருக்கும். அதற்கு முன்னால் இடங்களைக் கேட்டு வாங்கி, மையங்களைத் தயார்படுத்தி வைத்தால்தான் உண்டு.

போன வாரம் அவள் விடுமுறைக்கு வந்திருந்தாள். பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் வைத்து, இடது காலையும் காட்டச் சொன்னாள். இடது காலை இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார் பெரியம்மா. குதிகாலில் ஒரு வெடிப்பு. பெரியம்மாவுக்கே தெரியவில்லை. "நாளைக்குப் பஸ் வருமா?" என்று கேட்டேன். "ஆய்வு முடிஞ்சிப்போச்சாம்டா, இனிமே எப்ப வருமோ" என்றார்.